ஏழையின் மூடி ப்ளூஸ்

பார்க்லே ஜேம்ஸ் ஹார்வெஸ்ட் என்று சொன்னால் நண்பர்கள் ‘அது என்ன, பேங்க்கா?’ என்றுதான் கேட்கிறார்கள். இல்லை. 1966இல் இங்கிலாந்தின் வடக்கே, மான்செஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ஓல்டம் என்ற பருத்தி ஆலை நகரத்தில் சேர்ந்த நான்கு இளைஞர்களின் ராக் குழு அது. பெயருக்குப் பின்னால் பெரிய தத்துவமெல்லாம் கிடையாது. துண்டுச் சீட்டுகளில் சொற்களை எழுதித் தொப்பிக்குள் போட்டுக் குலுக்கி எடுத்ததில் வந்த பெயர் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஜான் லீஸ் கிதார், லெஸ் ஹோல்ராய்ட் பேஸ், மெல் பிரிச்சர்ட் டிரம்ஸ், எல்லாரும் ‘வூலி’ என்று கூப்பிட்ட ஸ்டூவர்ட் வுல்ஸ்டன்ஹோம் கீபோர்டு. 1971இல் இவர்கள் வெளியிட்ட ‘ஒன்ஸ் அகெய்ன்’ என்ற இசைத்தட்டில் ‘மாக்கிங் பேர்ட்’ என்று ஒரு பாடல் இருக்கிறது. ஆறரை நிமிடத்துக்குச் சற்று மேல்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு பாடலைப் பற்றியது. அதைவிட, அந்தப் பாடலை அந்தக் காலத்துப் பத்திரிகை விமர்சகர்கள் எப்படிக் கேட்டார்கள், எதைக் கேட்காமல் விட்டார்கள் என்பதைப் பற்றியது. கடைசியில் அதை ஒழுங்காக உட்கார்ந்து கேட்டவர் ஒரு நீதிபதி. அதற்குப் பிறகு வருகிறேன்.

ராக் பாலட் என்றதும் நம் ஊரில் எண்பதுகளின் ராக் காபாக்தான் நினைவுக்கு வரும். மெதுவாகத் தொடங்கும் கிதார், உச்சத்துக்கு ஏறும் குரல், உடைந்த காதல். அண்ணன்மார் கேசட்டில் ஓடவிட்டு நாம் கேட்டு வளர்ந்தது. சிம்ஃபொனிக் ராக் பாலட் என்பது அதற்குத் தூரத்துச் சொந்தம். இங்கே உச்சத்துக்கு ஏறுவது குரல் அல்ல, இசைக்குழு. பாடகர் தன் பங்குக்குச் சில வரிகள் பாடிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். அதன்பின் வயலின்கள், பித்தளைக் கருவிகள், டிம்பனி எல்லாம் சேர்ந்து அவர் சொல்ல வந்ததைப் பெரிதாக்கிக் காட்டும். நன்றாக அமைந்தால் உடம்பு சிலிர்க்கும். சரியாக அமையாவிட்டால் கல்யாண மண்டபத்துப் பட்டாசு மாதிரி, சத்தம்தான் மிஞ்சும்.

1967 முதல் 1971 வரை இங்கிலாந்தில் இது ஒரு காய்ச்சல் போலப் பரவியது. மூடி ப்ளூஸ் 1967இல் ‘டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டார்கள். பீட்டர் நைட் என்பவர் இசைக்குழுவுக்கு எழுதி நடத்தினார். அதில்தான் ‘நைட்ஸ் இன் ஒயிட் சாட்டின்’ இருக்கிறது. 1969 செப்டம்பரில் டீப் பர்ப்பிள் குழு லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு ஒரு முழு கான்சர்ட்டோவே வாசித்தது. 1970இல் பிங்க் ஃபிளாய்டின் ‘ஆட்டம் ஹார்ட் மதர்’ வந்து பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. ஓல்டம் பையன்கள் இந்த அலைக்குள் வந்தவர்கள். இ.எம்.ஐ நிறுவனம் இந்த மாதிரிப் புதுவகை ராக் இசைக்காகவே 1969இல் தொடங்கிய ஹார்வெஸ்ட் என்ற முத்திரையில் சேர்ந்தார்கள். பிங்க் ஃபிளாய்டுக்கும் டீப் பர்ப்பிளுக்கும் அப்போது அதே முத்திரைதான்.

அவர்களிடம் பணம் இல்லை. ஊருக்கு வெளியே குன்றுப் பக்கம் ஒரு பழைய பண்ணைவீட்டில் ஒன்றாகத் தங்கி, நாள் முழுக்க வாசித்துப் பழகினார்கள். ஆனால் ஆசை பெரிது. ஒரு முழு இசைக்குழு வேண்டும்.

அங்கேதான் ராபர்ட் ஜான் காட்ஃபிரே வருகிறார். மேற்கத்தியச் செவ்வியல் இசையில் முறையாகப் பயின்றவர், பியானோக்காரர். ராக் குழுவில் இருந்த நால்வருக்கும் இல்லாத ஒன்று இவரிடம் இருந்தது. இசைக்குழுவில் எந்தக் கருவி எந்த உயரத்தில் எப்படி ஒலிக்கும், ஓபோவையும் செல்லோவையும் எங்கே சந்திக்க வைக்கலாம் என்பது இவருக்குத் தெரியும். காகிதத்தில் எழுதிக் கொடுத்து, முன்னால் நின்று நடத்தவும் தெரியும். குழுவின் இசை இயக்குநர் என்ற பெயரில் அவர் உள்ளே வந்தார். பார்க்லே ஜேம்ஸ் ஹார்வெஸ்ட் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ரா என்று ஒன்றும் திரட்டப்பட்டது. கேட்க எவ்வளவு பிரமாண்டமாக இருக்கிறது!

‘மாக்கிங் பேர்ட்’ மெட்டு ஜான் லீஸுடையது. அதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. கிதாரில் ஒரு சுழலும் உருவம், திரும்பத் திரும்ப வருவது. ஒருவர் அறையில் தனியாக உட்கார்ந்து, விரல் போன போக்கில் கண்டுபிடித்த மாதிரி இருக்கும். அதன்மேல் மெல்லிய குரல். பேஸ் கிதார் அவசரமே இல்லாமல் கீழே நடந்துகொண்டிருக்கும். வரிகள் மிகக் குறைவு. ஒரு பறவை, ஒரு மரம், ஒரு துக்கம், அவ்வளவுதான். வரிகளுக்காக யாரும் இந்தப் பாடலை நினைவு வைத்திருக்கப் போவதில்லை. உண்மையைச் சொன்னால் கல்லூரிச் சுவரொட்டிக் கவிதைத் தரம்தான்.

ஆனால் குரல் நின்ற பிறகு நடப்பது வேறு. வயலின்கள் முதலில் பின்னணியில் மங்கலாக வருகின்றன. கிதாரின் அந்தச் சுழல் நிற்பதே இல்லை. அதைச் சுற்றித்தான் மற்றதெல்லாம் கட்டப்படுகிறது. டிரம்ஸ் நுழைகிறது, பித்தளைக் கருவிகள் வெட்டி வெட்டிப் பேசுகின்றன, ஒவ்வொரு அடுக்கும் முந்தைய அடுக்கின்மேல் எடையை ஏற்றிக்கொண்டே போகிறது. நான் கட்டுமானத் துறையில் இருப்பவன் என்பதால் எனக்கு இது பளு ஏறுவதைப் போலத்தான் படுகிறது. அடியில் இருக்கும் அந்தச் சின்னக் கிதார் உருவம் இவ்வளவையும் தாங்குமா என்று காது பதறுகிறது. தாங்குகிறது. எட்டுத் தடவை கேட்டாலும் ஒன்பதாவது தடவையும் அந்தப் பதற்றம் வரும். இந்தப் பாடலின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

பதிவு நடந்தது லண்டனில், ஆபி ரோடு அரங்கத்தில். தயாரிப்பாளர் நார்மன் ஸ்மித். 1965 வரை பீட்டில்ஸ் பாடல்களுக்கு ஒலிப்பதிவுப் பொறியாளராக இருந்தவர், அதன்பின் பிங்க் ஃபிளாய்டின் தொடக்ககாலத் தயாரிப்பாளர். இதே இசைத்தட்டில் ‘கலாட்ரியல்’ என்ற பாடலுக்கு ஜான் லென்னனின் கிதார் ஒன்று அரங்கத்தில் கிடந்ததை எடுத்து லீஸ் வாசித்தார். அந்தக் கிதாரைப் பற்றியே பின்னாளில் ஒரு பாடல் எழுதினார். ஓல்டம் பையனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

இவ்வளவும் சேர்ந்தும் பாடல் எடுபடவில்லை. தரவரிசையில் தலைகாட்டவே இல்லை. ‘ஒன்ஸ் அகெய்ன்’ இசைத்தட்டும் பிரிட்டனின் பட்டியலில் ஏறவில்லை. ஊர் ஊராக இசைக்குழுவைக் கூட்டிப்போய் வாசித்ததில் கடன்தான் மிச்சம். நான்கு பேர் ஒரு வேனில் ஏறிப் போவதற்கும் வயலின்காரர்களும் செல்லோக்காரர்களும் சாப்பாடு, தங்குமிடம், சம்பளத்தோடு வருவதற்கும் உள்ள வித்தியாசத்தை, கணக்கெழுதத் தெரிந்த எவரும் முன்கூட்டியே சொல்லியிருப்பார். 1971இலேயே காட்ஃபிரே குழுவைவிட்டுப் போனார். நல்ல பிரிவு அல்ல. அடுத்த இசைத்தட்டுக்கு மார்ட்டின் ஃபோர்ட் இசைக்குழுவை நடத்தினார். 1973 வாக்கில் இ.எம்.ஐ.யோடும் உறவு முடிந்தது.

விமர்சகர்கள் என்ன சொன்னார்கள்? அக்கால பிரிட்டனின் இசை விமர்சனம் என்றால் வாரப் பத்திரிகைகள்தான். மெலடி மேக்கர், என்.எம்.இ, 1970இல் சேர்ந்துகொண்ட சவுண்ட்ஸ். வாராவாரம் வந்து குவியும் இசைத்தட்டுகளுக்கு நடுவே ஒரு புதுக் குழுவுக்குக் கிடைப்பது ஒரு பத்தி. சில சமயம் ஒரே ஒரு வரி. அந்த வரியில் எழுதுபவர் செய்யக்கூடிய மிக எளிய காரியம் ஒப்பிடுவது. ‘இது அது மாதிரி இருக்கிறது.’ அப்படி ஒருவர் இவர்களை ‘ஏழையின் மூடி ப்ளூஸ்’ என்று எழுதினார். அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. நாற்பது வருஷத்துக்குப் பிறகும் இவர்களைப் பற்றி எதை எடுத்தாலும் அந்தச் சொல் முதல் பத்தியிலேயே வந்து நிற்கிறது. நானே இந்தக் கட்டுரைக்கு அதைத் தலைப்பாக வைத்திருக்கிறேன், பாருங்கள்.

அந்த ஒப்பீட்டில் கொஞ்சம் நியாயம் உண்டு. இரண்டு குழுக்களும் மெதுவான, கனமான, துக்கம் தோய்ந்த பாடல்களில் நின்றவர்கள். இரண்டிலும் மெல்லோட்ரான் ஒலி. இரண்டிலும் நகைச்சுவை குறைவு. ஆனால் இரண்டு பாடல்களையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டால், ஒப்பீடு தலைகீழாக இருப்பது தெரியும். மூடி ப்ளூஸின் அந்தப் புகழ்பெற்ற இசைத்தட்டில் இசைக்குழு பெரும்பாலும் பாடல்களுக்கு இடையில்தான் வாசிக்கிறது. ‘நைட்ஸ் இன் ஒயிட் சாட்டின்’ பாடலுக்குள் நம் காதில் விழும் அந்த வயலின் அலை மெல்லோட்ரான். நிஜ இசைக்குழு கடைசியில்தான் வந்து சேர்கிறது. ராக் குழு ஒரு பக்கம், இசைக்குழு ஒரு பக்கம், நடுவில் அழகான ஒட்டு. ‘மாக்கிங் பேர்ட்’ பாடலில் இசைக்குழுவைப் பிரித்து எடுத்தால் பாடலே இல்லை. கிதார் உருவத்துக்குப் பதில் சொல்லும் வேலையை இசைக்குழு செய்கிறது. அலங்காரமாக அல்ல, வாக்கியத்தின் பயனிலையாக அது இருக்கிறது.

இன்னொன்று. மூடி ப்ளூஸுக்கு இசைக்குழுவை ஏற்பாடு செய்தது டெக்கா என்ற பெரிய நிறுவனம். ஓல்டம் குழு மேடைக்கு மேடை இசைக்குழுவைக் கூட்டிப்போய்க் கடனாளியானது. ‘ஏழை’ என்ற சொல்லைக் கிண்டலுக்கு எடுத்தவர், நிஜத்தில் யார் எதற்குக் காசு கொடுத்தார்கள் என்று பார்க்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், மாக்கிங்பேர்ட் இங்கிலாந்துப் பறவையே அல்ல. வட அமெரிக்காவில் வாழ்வது. மற்ற பறவைகளின் குரலைக் கேட்டு, அவற்றை அப்படியே தன் பாட்டில் கோத்துப் பாடும். போலி செய்கிறார்கள் என்று குற்றம் சாட்டப்பட்ட குழுவின் ஆகச் சிறந்த பாடல் போலி செய்யும் பறவையின் பெயரைத் தாங்கியிருக்கிறது. இதைவிட நல்ல நுழைவாயில் ஒரு விமர்சகருக்குக் கிடைக்குமா? அந்தப் பறவை பிறர் குரலைத் திருடுவதற்காகப் பாடுவதில்லை. கேட்டதையெல்லாம் சேர்த்துக்கொண்டுதான் அதன் பாட்டு உருவாகிறது.

இசைக்குழுவுக்குக் கொடுக்கக் காசில்லாமல் போனபோது, மேடையில் அந்த இடத்தை வுல்ஸ்டன்ஹோமின் மெல்லோட்ரான் எடுத்துக்கொண்டது. இதுவும் ஒரு மாக்கிங்பேர்ட்தான். பார்க்க மரப்பெட்டி போட்ட சின்ன ஆர்மோனியம் மாதிரி இருக்கும். உள்ளே நடப்பது முழுக்க இயந்திர வேலை. பிர்மிங்காமில் தயாரானது. 1970இல் வந்த எம்400 ரகத்தை எடுத்துக்கொள்வோம். 35 கட்டைகள். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே தனியாக ஒரு காந்த நாடா. அந்த நாடாவில் அந்தச் சுரத்தை நிஜ வயலின்காரர்கள் வாசித்த பதிவு இருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா சுழலும் தண்டோடு ஒட்டி, ஒலிமுனையைக் கடந்து ஓடும். சுமார் 8 நொடி. அதற்குள் நாடா தீர்ந்துவிடும். விரலை எடுத்தால் சுருள்வில் அதைப் பின்னுக்கு இழுத்துவிடும். ஆக எந்தச் சுரத்தையும் 8 நொடிக்குமேல் பிடிக்க முடியாது. நிறையக் கட்டைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் மோட்டார் திணறும். சுருதி கொஞ்சம் இறங்கும். டிஜிட்டல் ஒலியில் வளர்ந்த நமக்கு இது பழுது. அன்றைக்கு வாசித்தவர்களுக்கு அது விரலில் வைத்திருக்க வேண்டிய கணக்கு. எந்த விரலை எப்போது விடுவது, நாடா பின்னால் போய்ச் சேர எவ்வளவு நேரம் கொடுப்பது என்று உடம்பு தானாகக் கற்றுக்கொள்ளும். அந்தத் திணறலில்தான் மெல்லோட்ரானின் துக்கமே இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். வயலின்கள் மூச்சு வாங்குவது போல ஒரு நடுக்கம்.

வுல்ஸ்டன்ஹோம் மாலரின் சிம்ஃபனிகளில் ஊறியவர். அவர் இந்தக் கருவியை வயலினுக்கு மலிவான மாற்றாக நடத்தவில்லை. 1974இல் வந்த இரட்டை நேரடிப் பதிவில் ‘மாக்கிங் பேர்ட்’ மொத்தமும் நான்கு பேர், ஒரு மெல்லோட்ரான். இசைக்குழு இல்லவே இல்லை. பிரிட்டனின் இசைத்தட்டுப் பட்டியலில் இந்தக் குழு முதன்முதலாக ஏறியதும் அந்தப் பதிவின் மூலம்தான், 40ஆம் இடம். நிஜ இசைக்குழுவோடு தோற்ற பாடல், நாடாவில் சுருண்டு கிடந்த இசைக்குழுவோடு ஓரளவு ஜெயித்தது.

அதற்குள் காலம் மாறிக்கொண்டிருந்தது. 1974இலேயே அமெரிக்காவின் கிரீம் பத்திரிகையில் லெஸ்டர் பாங்ஸ், எமர்சன் லேக் அண்டு பாமர் குழுவை வறுத்தெடுத்து எழுதியிருந்தார். இன்றைக்குப் படித்தாலும் சிரிப்பு வரும், எழுத்து அப்படி. 1976, 1977இல் பங்க் வந்தது. மூன்று கார்டு, இரண்டரை நிமிடம், கோபம். அதுவரை ‘லட்சியம்’ என்று எழுதப்பட்டதெல்லாம் ‘ஆடம்பரம்’ என்று எழுதப்பட்டது. பங்க் எனக்குப் பிடிக்கும். அந்தக் கோபம் தேவையாகவும் இருந்தது. ஆனால் வயலின் வந்தாலே வர்க்கத் துரோகம் என்பது மாதிரி ஒரு சூத்திரம் அப்போது உருவானது. ஆலை நகரத்திலிருந்து வந்து கடனில் மூழ்கியவர்களையும் மாளிகை வாங்கிக் குடியேறிய நட்சத்திரங்களையும் அது ஒரே கூடையில் போட்டது. சூத்திரம் வந்துவிட்டால் காது வேலை செய்வதை நிறுத்திவிடும். நம் இலக்கியச் சூழலிலும் இதைப் பார்த்திருக்கிறோம்தானே. ‘இது யதார்த்தவாதம்’, ‘இது நவீனத்துவம்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு நாவலைத் திறக்காமலே போகிறவர்கள்.

லீஸ் பதில் சொன்னார். 1977இல் ‘கான் டு எர்த்’ இசைத்தட்டில் ஒரு பாடலுக்கு ‘புவர் மேன்ஸ் மூடி ப்ளூஸ்’ என்றே பெயர் வைத்தார். கேட்டால் ‘நைட்ஸ் இன் ஒயிட் சாட்டின்’ அப்படியே வருவது போல இருக்கும். அதே தாள நடை, அதே ஏற்றம், உச்சத்தில் அதே ஏக்கம். ஆனால் மெட்டு அது இல்லை. ஒவ்வொரு முறையும் நம் வாய் பழைய பாட்டின் அடுத்த வரிக்குப் போகும்போது இது பக்கத்துத் தெருவுக்குத் திரும்பிவிடும். நீ போலி என்கிறாயா, இந்தா போலி, என்று எரிச்சலில் எழுதியது. சோகம் என்னவென்றால் அதுவே நல்ல காதல் பாட்டாக அமைந்துபோய், பலருக்கு இந்தக் குழுவின் அடையாளமாகிவிட்டது. கிண்டலுக்குப் பதில் சொல்லப்போய் கிண்டலையே தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டார் மனிதர்.

ஜெர்மனியில் கதை வேறு. அங்கே ‘கான் டு எர்த்’ ஆண்டுக்கணக்கில் பட்டியலைவிட்டு இறங்கவில்லை. 1980 ஆகஸ்ட் 30ஆம் தேதி மேற்கு பெர்லினில் ரைக்ஸ்டாக் கட்டடத்துக்கு முன்னால் இவர்கள் இலவசக் கச்சேரி செய்தார்கள். சுமார் 1,75,000 பேர் வந்ததாகச் சொல்லப்படுகிறது. கட்டடத்துக்குப் பின்னாலேயே சுவர் ஓடியது. அந்த மேடையில் ‘மாக்கிங் பேர்ட்’ உண்டு. லண்டன் பத்திரிகைகள் புதைத்த பாடலை அத்தனை பேர் ஒரு மைதானத்தில் நின்று கேட்டார்கள். ஆனால் அந்த மேடையில் வுல்ஸ்டன்ஹோம் இல்லை, 1979இலேயே விலகியிருந்தார். 1982இல் அந்தக் கச்சேரி இசைத்தட்டாக வந்து ஜெர்மனியில் முதலிடம் பிடித்தது. 1987 ஜூலையில் கிழக்கு பெர்லினின் டிரெப்டோ பூங்காவிலும் திறந்தவெளியில் வாசித்தார்கள்.

இனி அந்த நீதிபதி.

சட்டம் படித்த தோழி ஒருத்தி, காப்புரிமைப் பாடத்தில் ‘காட்ஃபிரே எதிர் லீஸ்’ என்று ஒரு வழக்கு வரும் என்று சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த லீஸா? அந்த லீஸ்தான். குழுவைவிட்டு 1971இல் போன ராபர்ட் ஜான் காட்ஃபிரே, ‘தி ஈனிட்’ என்ற சொந்தக் குழுவைத் தொடங்கி நடத்திக்கொண்டிருந்தவர், தான் இருந்த காலத்தின் ஆறு பாடல்களில் தானும் இணை ஆசிரியர் என்று லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ‘மாக்கிங் பேர்ட்’ அதில் ஒன்று. 1995இல் அறிக்கையான தீர்ப்பு. நீதிபதி பிளாக்பர்ன்.

கேள்வியைப் பாருங்கள். மெட்டு லீஸுடையது. இசைக்குழுப் பகுதி காட்ஃபிரேயின் கையில் உருவானது. அப்படியானால் பாடலை எழுதியது யார்? மெட்டா பாடல்? அல்லது அந்தக் கிதார் உருவம் எடையைத் தாங்கி நிற்கும் அந்த நிமிடங்களா? நம் சினிமாப் பாட்டுகளில் மெட்டு யாருடையது, பின்னணியில் அந்த வயலின் ஓட்டத்தை எழுதியவர் யார் என்று டீக்கடையில் வாதம் செய்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிது இல்லை. பிரிட்டன் சட்டம் கேட்பது இதுதான்: ஒரு படைப்பை உருவாக்குவதில் ஒருவர் கணிசமான, அசலான பங்கைச் செலுத்தினாரா, இருவரும் ஒரே திட்டத்தின்கீழ் வேலை செய்தார்களா. இந்த இரண்டுக்கும் பதில் சொல்ல, நீதிமன்றம் பாடல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்கவேண்டியிருந்தது. எந்தப் பகுதி யாருடையது, எது இல்லாவிட்டால் பாடல் என்னவாகும் என்று கேட்கவேண்டியிருந்தது. பாடல் வெளிவந்த காலத்தில் ஒரு விமர்சகர் செய்திருக்க வேண்டிய வேலை. ‘இது எதைப்போல இருக்கிறது’ என்பது நீதிமன்றத்தில் உதவாத கேள்வி. ‘இது எப்படிச் செய்யப்பட்டது’ என்பது மட்டுமே அங்கே செல்லும்.

காட்ஃபிரேயின் பங்களிப்பு கணிசமானது, அசலானது என்று நீதிபதி ஏற்றுக்கொண்டார். இணை ஆசிரியராகும் தகுதி இருந்தது. ஆனாலும் அவர் தோற்றார். குழுவைவிட்டு விலகிப் பதினான்கு ஆண்டுகள் உரிமை கோராமல் இருந்தார். அந்தக் காலமெல்லாம் குழு பாடல்களைத் தங்களுடையதாகவே நம்பிப் பயன்படுத்தி வந்தது. இனி வந்து கேட்க முடியாது. பாடலில் அவர் இருக்கிறார், பணத்தில் இல்லை. இப்படி ஒரு தீர்ப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் மனிதனின் மனநிலையை என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது.

நான் வேலை பார்க்கும் துறையில் ஒவ்வொரு வரைபடத்தின் கீழ் வலது மூலையிலும் ஒரு கட்டம் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் கொடுத்தவர். நான் முதலில் சேர்ந்த இடத்தில், இரவு பகலாக நான் உட்கார்ந்து கணக்குப்போட்ட ஓர் ஓடுபால வரைபடத்தின் கட்டத்தில் என் பெயரின் முதலெழுத்துகள் வரவில்லை. மூத்தவர் ஒருவருடையது இருந்தது. பாலம் என்னவோ நன்றாகத்தான் நிற்கிறது. கடந்து போகும் எவருக்கும் அந்தக் கட்டம் தேவையில்லை. எனக்குத் தேவைப்பட்டது. இதனால் நான் காட்ஃபிரே பக்கம் சாய்கிறேன் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. பிங்க் ஃபிளாய்டின் ‘ஆட்டம் ஹார்ட் மதர்’. அதே காலம், அதே ஆபி ரோடு, அதே ஹார்வெஸ்ட் முத்திரை. அங்கேயும் பித்தளைக் கருவிகளுக்கும் பாடகர் குழுவுக்கும் எழுதியவர் வெளியாள், ரான் கீசின். அந்த நீண்ட இசையை இயற்றியவர்கள் வரிசையில் நால்வரோடு கீசினின் பெயரும் இருக்கிறது. ஆக அப்போதெல்லாம் அப்படி ஒரு வழக்கமே கிடையாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஒரு குழு பெயரைப் போட்டது, ஒரு குழு போடவில்லை.

பின்கதை ஒன்று. 2005இல் மேத்யூ ஃபிஷர், புரோகால் ஹாரம் குழுவின் ‘எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்’ பாடலின் ஆர்கன் இசை தன்னுடையது என்று வழக்குப் போட்டார். பாடல் வந்தது 1967இல். 38 ஆண்டு தாமதம். விசாரித்தவர் அதே நீதிபதி பிளாக்பர்ன். இந்த முறை அவர் ஃபிஷரை இணை ஆசிரியர் என்று ஏற்று 40 சதவிகிதப் பங்கும் கொடுத்தார். மேல்முறையீட்டில் பங்கு பறிபோனது. 2009இல் பிரபுக்கள் சபை அதைத் திருப்பிக் கொடுத்தது. வெறும் தாமதம் மட்டுமே ஒருவரின் உரிமையை அழித்துவிடாது என்றது. பதினான்கு ஆண்டு காத்திருந்தவர் தோற்றார், முப்பத்தெட்டு ஆண்டு காத்திருந்தவர் ஜெயித்தார். வழக்குகளின் விவரங்கள் வேறு, சட்டக்காரர்கள் அதை விளக்குவார்கள். ஆனால் ஒரு வித்தியாசத்தை நான் ஒதுக்க மாட்டேன். ஃபிஷரின் ஆர்கனை உலகமே முணுமுணுத்தது. அது எவ்வளவு முக்கியம் என்று எவரும் நிரூபிக்க வேண்டியதில்லை. காட்ஃபிரேயின் வேலை, ‘ஏழையின்’ என்ற ஒற்றைச் சொல்லால் மூடப்பட்டு, கேட்கப்படாமலே கிடந்தது. விமர்சனம் ஒரு பாடலைக் கவனிக்காமல் விடும்போது, அதைச் செய்தவர்களின் உழைப்புக்குச் சாட்சியும் இல்லாமல் போகிறது.

1998இல் குழு இரண்டாக உடைந்தது. லீஸ் ஒரு பக்கம், ஹோல்ராய்ட் ஒரு பக்கம், இருவர் குழுவின் பெயரிலும் பார்க்லே ஜேம்ஸ் ஹார்வெஸ்ட் உண்டு. வுல்ஸ்டன்ஹோம் இடையில் இசையை விட்டுவிட்டு விவசாயம் பார்த்தார். பிறகு லீஸோடு மறுபடி சேர்ந்தார். மெல் பிரிச்சர்ட் 2004இல் இறந்தார். வுல்ஸ்டன்ஹோம் 2010 டிசம்பரில்.

கேட்க நினைப்பவர்களுக்கு: 1971ஆம் வருஷத்து அரங்கப் பதிவை முதலில் கேளுங்கள், காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, வேறு வேலை இல்லாமல். கிதார் உருவத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, இசைக்குழு எந்த இடத்தில் நுழைகிறது என்று பாருங்கள். அதன்பின் 1974 நேரடிப் பதிவு. பெர்லின் பதிவு அவசரமில்லை. அதில் கூட்டம்தான் பெரிது. பெட்டாலிங் ஜெயாவின் அம்கோர்ப் மாலில் வாரக்கடைசிப் பழைய சாமான் சந்தை நடக்கும்போது இசைத்தட்டுப் பெட்டிகளைப் புரட்டினால் இந்தக் குழுவின் பெயர் எப்போதாவது கண்ணில் படும். எனக்கு 1974 பதிவு அங்கேதான் கிடைத்தது, உறை கொஞ்சம் பூசணம் பிடித்து. அதில் ‘மாக்கிங் பேர்ட்’ உச்சத்துக்குப் போகும்போது மெல்லோட்ரானின் சுருதி லேசாக அசைகிறது. எத்தனை கட்டைகள் அழுத்தப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பேன். பிறகு நாடா தீர்வதற்கு முன்னால் விரல்கள் இடம் மாறுகின்றன, வயலின்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்குகின்றன.